இக்னேசியஸ் குத்தாத துவாரம்

எங்கள் கரையில் எஞ்சின் என்று யாராவது வாயெடுத்தால் போதும், இக்னேசியஸ் வந்து நிற்பார். கூப்பிடத் தேவையில்லை. காக்கிக் களிசான், சட்டைப் பையில் சின்னத் திருப்புளி, காதில் பென்சில், காலில் வெள்ளைக் காலுறை, எங்கள் பேச்சில் கால்மேசு. கடற்கரை மணலில் கால்மேசு போட்டுக்கொண்டு திரிந்த மனிதரை நான் அவருக்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. ஏன் என்று கேட்டால், வெள்ளைக்காரனிடம் வேலை செய்தவன் வெறுங்காலோடு நிற்கமாட்டான் என்பார்.

வெள்ளைக்காரன் போய் நாற்பது வருடமாகிவிட்டது. இவர் மட்டும் இன்னும் அவனை வழியனுப்பவில்லை. துறைமுக வேலைத்தளத்தில் பதினாறு வயதில் சேர்ந்தவர். அவன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது இவருக்கு இருபத்துமூன்று. அந்த ஏழு வருடத்தில் திருகோணமலைக்கு வந்த கப்பல் ஒன்றுகூட இவர் கைபடாமல் திரும்பிப் போகவில்லை என்பது இவர் சொல்லும் வரலாறு. அதே வேலைத்தளத்தில் இருந்த என் மாமன் சொன்ன வரலாறு வேறு. பெரியவர்கள் கையை நீட்டினால் ஸ்பானரைக் கொடுக்க வேண்டும், பத்து மணிக்குத் தேநீர் எடுத்து வர வேண்டும், இவ்வளவுதான் இக்னேசியசின் உத்தியோகம். அந்த உத்தியோகம் போன பிறகு தையல் மெசின், அரிசி மில், சைக்கிள் என்று கண்டதையெல்லாம் கழற்றிப் பூட்டி, கடைசியில் எங்கள் வள்ளங்களின் எஞ்சின்களில் வந்து நின்றார்.

நான் இரத்தினசிங்கம். நகரத்துக்கு வடக்கே எங்கள் கரையில் இருந்த மீனவர் சங்கத்தின் கிளாக்கர். கடலுக்குப் போகிற பாசுக்கு விண்ணப்பம், மண்ணெண்ணெய்ப் பங்கீட்டுப் பட்டியல், நேவிக்குக் கடிதம் எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். என் கையெழுத்து நல்ல கையெழுத்து. இதை நானே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்ட பிறகு வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

வள்ளம் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் சங்கத்துக்கு ஒரு கொட்டில் இருந்தது. அங்கத்தவர்களின் எஞ்சின்களைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பேச்சில் அது இக்னேசியசிடம் விடப்பட்டிருந்தது. பூட்டின் திறப்பை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டு, கொட்டில் தன் பாட்டன் எழுதி வைத்த சொத்து என்ற நடையில் அவர் நடப்பார். அந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை. கிளாக்கருக்கு மேசை ஒன்று. மெக்கானிக்குக்குக் கொட்டில் முழுவதுமா என்றும் ஒரு எண்ணம் இருந்தது.

அதைவிட எனக்குப் பொறுக்க முடியாதது அவருடைய வாய். யாருடைய நம்பிக்கையையும் அவர் விட்டுவைப்பதில்லை. வள்ளத்தின் முன்முனை அணியத்தில் எலுமிச்சம்பழம் கட்டினால், "பழம் தண்ணி இழுக்குமோ, பம்பு தண்ணி இழுக்குமோ?" என்று கேட்பார். வெருகல் முருகனுக்கு நேர்ந்து யாராவது எஞ்சினில் மஞ்சள் துணி கட்டினால், "முருகன் மயிலிலை போறவர், அவருக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்?" என்பார். தன் சமயத்தையும் அவர் விடவில்லை. வள்ளங்களுக்குத் தீர்த்தம் தெளிக்கப் பாதர் வந்த அன்று, "பாதர், பிளக்கிலை படாமல் தெளியுங்கோ, பிறகு ஸ்டாட் வராது" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவர்.

மனைவி றீற்றா இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஜெபம் செய்கிற மனுசி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "பிள்ளையுமில்லை, பொறுப்புமில்லை, அதுதான் மனுசனுக்கு வாய் இவ்வளவு நீளம்" என்று கரையில் சொல்வார்கள். சொன்னவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு சித்திரையில், சண்டையைக் காரணம் காட்டி நேவிக்காரர் கடலைப் பூட்டினார்கள். மறு அறிவித்தல் வரை ஒரு வள்ளமும் இறங்கக்கூடாது, எஞ்சின்களைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும், எண்ணிப் பார்க்க ஆள் வரும் என்று உத்தரவு. போக மறந்த விருந்தாளியைப் போல ஒவ்வொரு வீட்டு மூலையிலும் ஒரு எஞ்சின் நின்றது. இராசதுரையின் எஞ்சின் அவன் வீட்டு அறைக்குள், நெல்மூட்டைக்குப் பக்கத்தில், மரச்சட்டத்தில் தொங்கியது. எட்டுக் குதிரைவலு. மூன்று கை மாறி வந்த பழசு. மேல்மூடியின் கொளுக்கி உடைந்திருந்ததால் மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள்.

இராசதுரை பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுகிறவன். கிளிவெட்டியில் வயல் செய்த குடும்பம். எண்பத்தைந்தில் சண்டைக்கு அங்கிருந்து எழும்பி வந்து கடலைப் பழகிக்கொண்டவன். மனைவி இராசமலர். கலியாணமாகி ஒன்பது வருடம். மூன்று தடவை வயிற்றில் தங்கி, மூன்று தடவையும் ஐந்தாம் மாதத்தைக் காணாமல் போய்விட்டது. அந்த வைகாசியில் நாலாவது தடவையாகத் தங்கியது. அவள் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் கரையில் யாருக்கும் சொல்லாத விஷயம் என்றால் எல்லாரும் மெதுவாகப் பேசிக்கொள்கிற விஷயம் என்று அர்த்தம்.

ஆடிக் கடைசியில் கடல் திறந்தது. காலை ஐந்தரைக்கு இறங்கலாம், பிற்பகல் இரண்டு மணிக்குள் கரையில் நிற்க வேண்டும், கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலைக்கு நேரே குறித்த கோட்டைத் தாண்டக்கூடாது. இரண்டு மணிக்குப் பிறகு கடலில் மிதப்பவன் யார், ஏன் மிதக்கிறான் என்று யாரும் கிட்ட வந்து விசாரிக்கப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முதல் நாளே இராசதுரையின் எஞ்சின் கொதித்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த எஞ்சின் கடல் தண்ணீரைக் கீழேயிருந்து இழுத்து, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு பக்கத்திலுள்ள ஒரு சின்னக் குழாயால் வெளியே விடும். அந்தப் பழைய மாதிரிக்குத் தண்ணீர் வெளியேற அந்த ஒரு வழிதான். குழந்தை ஒன்றுக்குப் போகிற மாதிரி மெல்லிசாக விழும். அது விழுகிறவரை பயமில்லை. நின்றுவிட்டால் எஞ்சின் வேகத் தொடங்கும்.

அன்றைக்கு அது விழவேயில்லை. புகை வந்தது, எண்ணெய் கருகிய மணம் வந்தது, பிறகு எஞ்சின் நின்றது. ஆறவிட்டுக் கொஞ்சம் ஓடி, திரும்ப ஆறவிட்டு, மிச்சத் தூரத்துக்குத் துடுப்புப் போட்டு அவன் கரை சேர்ந்தபோது இரண்டு இருபது. நேவியின் காவலரணில், சென்றியில், பேரைப் பதிந்தார்கள். என் நல்ல கையெழுத்தில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்த பிறகு விட்டார்கள். இன்னொரு தடவை பிந்தினால் பாஸ் இல்லை என்று சொல்லித்தான் விட்டார்கள். பாஸ் போனால் வள்ளம் கரையில் கிடந்து நாய்க்கு நிழல் கொடுக்கத்தான் உதவும். பாஸ் இருந்து எஞ்சின் நடுக்கடலில் நின்றால் அவன் உயிருக்கே யாரும் பொறுப்பில்லை. வயிற்றில் பிள்ளையோடு இராசமலர் கரையில் நின்று இரண்டு மணியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். எல்லாம் அந்தப் பழைய எஞ்சினில் தொங்கியது. எஞ்சின் இக்னேசியசிடம் போனது.

இராசதுரை அதைத் தோளில் சுமந்து வந்து கொட்டிலில் மாட்டினான். பின்னால் இராசமலரும் வந்தாள். நானும் போனேன். இக்னேசியஸ் வழக்கம்போல் முதலில் மணந்து பார்த்தார். பிறகு ஒரு நீளத் தடியின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். நின்றுபோன எஞ்சினில் என்ன கேட்குமோ, அவருக்கும் அந்தத் தடிக்கும்தான் வெளிச்சம். "காய்ச்சல்" என்றார். கொதித்த எஞ்சினுக்குக் காய்ச்சல் என்று சொல்ல வெள்ளைக்காரனிடம் ஏழு வருடம் கிடந்திருக்க வேண்டுமா என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

மூடியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தூக்கி, உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூடியைத் திரும்ப வைத்துவிட்டார்.

"அண்ணை, உங்களோடை ஒரு கதை கதைக்க வேணும்," என்றாள் இராசமலர். அவரைக் கொட்டிலின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கைகள் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. கெதியாய்ச் செய்து தாருங்கோ என்று கெஞ்சுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு வந்தார்.

"கிளாக்கர், நீர் போய் எழுத்து வேலையைப் பாரும். இது பம்புப் பிழை," என்றார்.

பம்புக்குள் ஒரு றப்பர்ச் சக்கரம் இருக்கிறது. அதுதான் தண்ணீரை இழுப்பது. அடுத்த நாள், தண்ணீருக்குள் இறங்குகிற எஞ்சின் காலைக் கழற்றி அந்தச் சக்கரத்தை மாற்றினார். தண்ணீர் நிறைத்த தகரப் பீப்பாவுக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டினார். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. எஞ்சின் கொதித்தது. "ம்" என்றார்.

மூன்றாம் நாள், சூட்டைப் பார்த்துத் திறந்து மூடுகிற ஒரு சின்னச் சாமானைப் பிடுங்கி எடுத்து எல்லாருக்கும் காட்டினார். "இதைக் குளிர்நாட்டுக்காரன் தன்ரை கடலுக்குச் செய்து வைச்சிருக்கிறான். எங்கட கடலுக்கு இது தேவையில்லை." கடலே எரிச்சலடைந்ததோ என்னவோ, எஞ்சின் முன்னையிலும் கெதியாகக் கொதித்தது. ஐந்தாம் நாள் வினாகிரி ஊற்றி உப்புக் கழுவினார். கொட்டில் முழுவதும் ஊறுகாய் மணம். ஏழாம் நாள் எஞ்சினின் கீழ்ப்பாதி சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. மேல்மூடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, அவர் மட்டும் அவிழ்க்கக்கூடிய ஒரு முடிச்சோடு. தலையில் காய்ச்சலுக்குக் காலில் பத்துப் போடுகிற வைத்தியர் என்று நான் சங்கத்து வாங்குப் பலகையில் இருந்துகொண்டு சொன்னேன். நல்ல சிரிப்பு. அடுத்த நாள் கரை முழுவதும் அந்தக் கதைதான். வள்ளத்துக்கு வரும் ஆட்கள் கொட்டில் வாசலில் நின்று, "அண்ணை, காய்ச்சல் இப்ப எத்தினை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இராசதுரை அந்த நாட்களில் துடுப்பைப் போட்டுக்கொண்டு கரையோரத்தில் தூண்டில் போட்டான். கறிக்கே காணாத மீன். அவன் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. இவனைப் போல ஒருவன் இருந்தால் அவரைப் போல ஒருவர் பிழைப்பார் என்று நான் எரிந்துகொண்டேன்.

ஒன்பதாம் நாள் கிண்ணியாவிலிருந்து சரீப் வந்தார். தன் ஊரில் எஞ்சின் வேலை செய்கிறவர். முப்பது வயதிருக்கும். காதில் தடி வைக்காமல், கால்மேசு போடாமல், வந்த காரியத்தைப் பார்க்கிற ஆள். மண்ணெண்ணெய்ப் பட்டியல் சம்பந்தமாகச் சங்கத்துக்கு வந்தவரை நான்தான் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லெண்ணத்தில் கூட்டிப் போனேன் என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

சரீப் சாக்கில் கிடந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானே இரிக்கி," என்றார். பிறகு மரியாதையாகக் கேட்டார்: "அண்ணன், அந்தத் தண்ணி வெளிய வாற குழாயில ஒரு கம்பி உட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு," என்றார் இக்னேசியஸ்.

"மூடிய ஒருக்காத் துறங்களேன். நானும் பாக்கிறன்."

"பாத்தாச்சு எண்டு சொல்லுறன் தம்பி."

குரல் கொஞ்சம் உயர்ந்தது. சரீப் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். திரும்பி வரும்போது என்னிடம், "கம்பி உடல்ல அவர்," என்றார். எனக்கும் அது பொய் என்று தெரிந்தது. எனக்கு எஞ்சின் தெரியாது. பொய் நன்றாகத் தெரியும்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். பழைய சைக்கிள் சில்லிலிருந்து ஒரு கம்பியை முறித்தெடுத்து, சங்கத்துப் பைலுக்குள் வைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பார், முடிச்சை வெட்டிவிட்டு நானே குழாயில் குத்தலாம், தண்ணீர் வந்தால் கரை முழுவதையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று கணக்கு. கிளாக்கர் குத்தித் திருத்தின எஞ்சின் என்ற பேர் எனக்குக் கிடைக்கும். அவருக்குக் கிடைக்கிற பேரை நினைக்கவே நாக்கில் இனித்தது.

அவர் போகவில்லை. அடைகாக்கிற கோழி மாதிரி எஞ்சினுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, றீற்றா அனுப்பின சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கிளாக்கர், பைலோடை?"

"சும்மா, பாஸ் விஷயம்."

"பாஸ் விஷயம் எண்டால் சென்றிக்கெல்லோ போக வேணும்," என்றார். திரும்பச் சோற்றில் கையை வைத்தார். அவர் எழும்பமாட்டார் என்று தெரிந்ததும் நான் வந்துவிட்டேன். கம்பி மேசை லாச்சிக்குள் போனது.

அன்று பின்னேரமே மனு எழுதினேன். சங்கக் கொட்டிலைப் பாவிப்பவர் தொழில் தெரியாதவர் என்பதும், ஓர் அங்கத்தவரின் உயிரும் பாசும் அதனால் ஆபத்தில் இருப்பதும், கொட்டிலைத் தகுதியான வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக, அழகான எழுத்தில், பிழையில்லாமல் விழுந்தன. பதினேழு பேர் கையெழுத்து வைத்தார்கள். இராசதுரை மட்டும் வைக்கவில்லை. "வேண்டாம் அண்ணை" என்றான். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. முதுகெலும்பு இல்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தலைவர் குலசிங்கம் மனுவை வாசித்தார். இக்னேசியஸ் கடைசிக் கதிரையில் கால்மேசோடு இருந்தார்.

"அண்ணை, பத்து நாளாச்சு. அந்த எஞ்சினுக்கு என்ன பிழை எண்டு சொல்லுங்கோ. சொன்னால் இந்தக் கடதாசியைக் கிழிக்கிறன்," என்றார் குலசிங்கம். அவர் நல்ல மனிதர். காப்பாற்றத்தான் பார்த்தார்.

இக்னேசியஸ் எழும்பினார். அவருக்குப் பின்னால் சுவரோரத்து வாங்கில் இராசதுரை இருந்தான். அவன் தலை நிமிர்ந்தது, ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரி. இக்னேசியஸ் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் காட்டி அவனை இருத்தினார்.

"எனக்குப் பிடிபடேல்லை," என்றார்.

நாற்பது வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை. இடுப்புக் கயிற்றிலிருந்து திறப்பை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, இந்த ஒரு எஞ்சினை முடிக்க இரண்டு நாள் தவணை கேட்டார். கொடுத்தோம். பெருந்தன்மையில் எங்களை வெல்ல யாரிருக்கிறார்கள்?

அந்த இரண்டு நாளும் கொட்டிலிலிருந்து கைத்துளைப்பான் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பீப்பாவில் எஞ்சினை இறக்கினார். நாங்கள் எல்லாரும் போய்ச் சுற்றி நின்றோம். ஸ்டாட் வந்தது. தண்ணீரும் வந்தது, ஆனால் வர வேண்டிய வலப்பக்கத்தால் வரவில்லை. இடப்பக்கத்தில், தண்ணீர் சுற்றி ஓடுகிற உலோகச் சுவரை மயிரிழை பிசகாமல் துளைத்து, மரை வெட்டி, ஒரு செப்புக் குழாயைப் பூட்டி வைத்திருந்தார். அது வழியாக நூலாக விழுந்தது. செப்புக் குழாய் றீற்றாவின் மண்ணெண்ணெய் அடுப்பிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. மனுசி அதற்குப் பிறகு விறகில் சமைத்தாள்.

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது. இருக்கிற துவாரத்தைக் குத்தத் தெரியாமல் இல்லாத துவாரத்தைத் துளைத்தவர். இடக்கைப் பழக்கமுள்ள எஞ்சின். வாசல் பூட்டியிருக்கென்று சுவரை இடித்த கதை. ஆளுக்கொன்று சொன்னோம். கொட்டிலைப் பார்க்க வந்திருந்த சரீப் மட்டும் சிரிக்கவில்லை. குழாய் பூட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்புடி வேல எனக்கு ஏலாது," என்றார். "இந்தக் கை உள்ள மனிசன் ஏன் இப்புடிச் செஞ்சார்?"

நாங்கள் கொட்டிலைக் கொடுக்க இருந்த ஆளே இப்படிக் கேட்டதில் எனக்குக் கோபம். அடுத்த நாள் இராசதுரை கடலுக்குப் போனான். இராசமலர் கரையில் நின்றாள். பன்னிரண்டரைக்கு அவன் வள்ளம் திரும்பி வந்தது, எஞ்சின் இடப்பக்கத்தால் பெய்துகொண்டு. அவள் மணலில் அப்படியே இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த எஞ்சின் ஒரு நாளும் கொதிக்கவில்லை, அவன் ஒரு நாளும் பிந்தவில்லை. இக்னேசியசுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. திறப்பு சரீப்பிடம் போனது.

மாசியில் இராசமலருக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நிறைமாதத்தில், நல்ல நிறையோடு. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். றீற்றா வந்திருந்தாள். இக்னேசியஸ் வரவில்லை, துடக்குக் கழிக்கிற சடங்குக்கெல்லாம் அவர் வருவாரா? பலகாரம் சாப்பிட்டு ஆறுதலாக இருந்த நேரத்தில், வந்த சனத்தைச் சிரிக்க வைக்கலாம் என்று நான் இராசதுரையைக் கேட்டேன்:

"என்ன, உங்கட எஞ்சின் இன்னும் இடப்பக்கத்தாலைதான் போகுதோ?"

சனம் சிரித்தது. இராசமலர் சிரிக்கவில்லை. பிள்ளையை றீற்றாவின் மடியில் கிடத்திவிட்டு அறைக்குள் போனாள். ஒரு சின்னத் தட்டத்தைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். அதில் காய்ந்த மண் உருண்டை ஒன்று இருந்தது, என் பெருவிரல் அளவு. ஒரு பக்கத்தில் ஓட்டை. மறு பக்கம் குச்சியாக நீண்டிருந்தது, குழாய்க்குள் இருந்து வார்த்தெடுத்த மாதிரி.

குளவிக் கூடு.

"கடல் பூட்டின இரண்டாம் கிழமை வந்து கட்டினது," என்றாள். "அறைக்குள்ளை, மூடி இல்லாத எஞ்சினிலை, அந்தத் தண்ணிக் குழாயோடை சேத்து. அடுத்த மாதம் எனக்குத் தங்கினது. பிள்ளை தங்கின வீட்டிலை குளவிக் கூட்டை உடைச்சால் என்னாகும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை."

தேவையில்லை. கூடு உடைந்தால் வயிறும் கலையும் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் உடைக்கமாட்டாள். உடைக்க விடவும் மாட்டாள். என் மனைவி கமலாதேவி வயிற்றோடு இருந்த காலத்தில், சாமிப் படத்துக்குப் பின்னால் கட்டின கூட்டை நான்தான் எட்டு மாதம் காவல் காத்தேன்.

"இண்டைக்குக் காலமைதான் இவர் எடுத்தவர்," என்று இராசமலர் தொடர்ந்தாள். "இக்னேசியஸ் அண்ணைக்கு முதல் நாளே தெரியும். மூடியைத் திறந்த உடனை கண்டவர். குத்தினால் அஞ்சு நிமிச வேலை. நான் கொட்டிலுக்குப் பின்னாலை நிண்டு கேட்டனான், அண்ணை உடைச்சுப்போடாதேங்கோ எண்டு. பகிடி பண்ணப்போறார் எண்டுதான் நினைச்சனான். அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'பிள்ளை, எனக்கு உதிலை ஒரு நம்பிக்கையும் இல்லை. ஆனால் அது சரியோ பிழையோ எண்டு உம்மட வயித்திலை வைச்சுப் பாக்க எனக்கு ஏலாது' எண்டவர்."

இராசதுரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேறை வழியாலை தண்ணி எடுக்க ஏலுமோ எண்டு பத்து நாள் கழட்டிக் கழட்டிப் பாத்தவர்," என்றான். அவன் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டது அன்றைக்குத்தான். "நான் கூட்டத்திலை சொல்ல வெளிக்கிட்டனான். அவர் விடேல்லை."

நான் றீற்றாவைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எங்கட வீட்டிலை ஒருக்கா உடைச்சவர்," என்றாள் மெதுவாக. "கலியாணம் முடிச்ச அடுத்த வருசம். சுவரிலை கிடந்ததைத் திருப்புளியாலை தட்டிவிட்டுச் சிரிச்சவர். எனக்கு அப்ப மூண்டு மாதம்."

அந்தக் கிழமை என்ன நடந்திருக்கும் என்று அங்கிருந்த பெண்கள் எல்லாருக்கும் விளங்கியது. பிள்ளையுமில்லை, பொறுப்புமில்லை என்று சங்கத்து வாங்கில் இருந்து நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு நினைவுக்கு வந்தது. தட்டத்தில் இருந்த மண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. எழும்பிவிட்டேன்.

இக்னேசியஸ் வீட்டு முற்றத்தில் யாருடையதோ அடுப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். கொட்டில் போன பிறகு அவருக்கு அடுப்பும் சைக்கிளும்தான். கால்மேசு மட்டும் போகவில்லை. என்னைக் கண்டதும், "வாரும் கிளாக்கர். பலகாரம் எப்பிடி?" என்றார்.

எனக்குச் சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியும், அன்றைக்கு வரவில்லை. எல்லாம் தெரியும் என்றேன். என்னில் பிழை என்றேன். நாளைக்கே கூட்டம் கூட்டி நடந்ததைச் சொல்லி, கொட்டிலைத் திருப்பித் தரச் சொல்லி நானே எழுதுகிறேன் என்றேன்.

"ஒண்டும் எழுத வேண்டாம்," என்றார். "அந்தச் சரீப் பொடியன் நல்ல வேலைக்காரன். அவன் இருக்கட்டும். நீர் எழுதினால் பிறகு எல்லாரும் எலுமிச்சம்பழத்தோடை வந்து என்னைக் கேள்வி கேப்பாங்கள். தொழில் தெரியாதவன் எண்டு சிரிச்சால் சிரிச்சுப்போட்டுப் போகட்டும்."

அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. நியாயம் என் பக்கம் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்ற ஆசை.

"கூட்டத்திலை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை? சொல்லியிருந்தால் நாங்கள் விளங்கிக்கொண்டிருப்பமே?"

அவர் அடுப்பின் திரியை மேலே இழுத்து நிமிர்த்தினார். வெட்டினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தால் முதல் ஆளாக் கம்பியோடை ஓடியிருக்கிறது ஆர், கிளாக்கர்? அண்டைக்கு மத்தியானம் பைலுக்குள்ளாலை நீட்டிக்கொண்டு நிண்டது என்ன, பாசோ?"

சங்கத்தில் என் மேசை லாச்சியில், நல்ல கையெழுத்தில் எழுதிய மனுவின் பிரதிக்கு மேல், அந்தச் சைக்கிள் கம்பி அப்போதும் கிடந்தது.